ஸ்கேனரில் உதித்த கார்புரேட்டர்

அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு படம் முழுதாக வந்து சேர்வதற்குள் அம்மா ரசம் வைத்து இறக்கிவிடுவார். மேலிருந்து கீழே, கோடு கோடாகத்தான் படம் இறங்கும். முதலில் வெறும் கறுப்பு. அப்புறம் இன்னும் கொஞ்சம் கறுப்பு. நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதன் நடுவில் பளபளவென்று ஒரு விளிம்பு எட்டிப் பார்க்கும். கடலுக்கு மேல் நிலா கிளம்புகிற மாதிரி ஒரு கார்புரேட்டர் கிளம்பும்.

சிரிக்காதீர்கள். எனக்கு அது நிலாதான்.

தொண்ணூறுகளின் கடைசி. பட்டம் வாங்கிய கையோடு எங்கள் தீவில், பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, கால் தரையில் பாவாமல் திரிந்துகொண்டிருந்தேன். இணையத்தில் பழைய மோட்டார் சைக்கிள் சாமான்களை வாங்கி விற்கிறவர்களுக்கென்று ஒரு மெசேஜ் போர்டு இருந்தது. டிஜிட்டல் கேமரா யாரிடமும் கிடையாது. அதனால் விற்கிறவர்கள் ஆபீஸ் ஸ்கேனரைத் திறந்து, கண்ணாடி மேல் சாமானையே தூக்கி வைத்துவிடுவார்கள். மூடி மூடாது. மேலே ஒரு துண்டையோ சாரத்தையோ போர்த்துவார்கள். பிரேக் லீவர், பிஸ்டன், பல்லுச் சக்கரம் எல்லாம் இருட்டுக்குள் மிதந்தபடி வரும், ஏதோ ஆழ்கடலில் பிடித்த ஜந்துக்கள் போல. அந்த ஆபீஸ்களில் மறுநாள் ஸ்கேன் ஆன கடிதங்களிலெல்லாம் எண்ணெய்க் கறை இருந்திருக்கும். அது அவர்கள் முதலாளிகளின் கவலை.

அந்த போர்டுக்கென்று ஓர் அகராதி உண்டு. விலை பேசலாம் என்று போட்டிருந்தால் பேச முடியாது. லாஸ்ட் பிரைஸ் என்று போட்டிருந்தால் பேசலாம். அவசரமாக விற்கிறேன் என்றவர் அடுத்த ஹரிராயா பெருநாள் வரைக்கும் அவசரமாகவே விற்றுக்கொண்டிருப்பார். எல்லோருக்கும் எல்லோரும் ப்ரோ. நான் பெண்ணா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் கார்புரேட்டரை விற்றவர் கடலுக்கு அந்தக் கரையில், பாகான் டாலாமில் இருந்தார். தமிழர் என்பது படத்திலேயே தெரிந்துவிட்டது. சாமான் மேல் அவர் போர்த்தியது ஒரு தமிழ்ப் பேப்பர். நிலாவுக்குப் பின்னால் கலங்கிய மேகம் மாதிரி எழுத்துகள். கூர்ந்து பார்த்தால் ஒரு 'ழ' மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஒற்றை எழுத்தை நம்பித்தான் தமிழில் பேச ஆரம்பித்தேன், ஆங்கில எழுத்தில்தான்.

எதற்கு இந்தக் கார்புரேட்டர்? எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டுக்கு அடியில் என் பைக் நின்றது. படிக்கும்போது ஒரு சீனியரிடம் வாங்கிய டூ-ஸ்ட்ரோக். வாங்கிய நாளிலிருந்து ஓடவில்லை. பெட்ரோல் காய்ந்து கோந்தாகி, கார்புரேட்டரின் உள்சாமான் எல்லாம் செத்துப்போயிருந்தது. அந்த மாடலை நிறுத்திப் பல காலம். பழைய வண்டிகளை வெட்டி விற்கும் கடைகளில் கேட்டால் தலையைக்கூட ஆட்டமாட்டார்கள்.

அப்பாவுக்கு அந்த வண்டி கண்ணில் விழுந்த தூசி. ஆயுள் முழுக்க குமாஸ்தாவாக இருந்தவர், எதற்கும் ஒரு தேதி குறித்துவிடுவார்.

"ஞாயித்துக்கிழம பழைய பேப்பர் லாரி வரும். அவன்கிட்ட சொல்லிட்டேன்."

"என்னா சொன்னீங்க?"

"கீழ நிக்கிற இரும்ப ஏத்திக்கிட்டுப் போன்னு."

"அது இரும்பு இல்லப்பா. பைக்கு."

"ஓடுனா பைக்கு. ஓடலன்னா இரும்பு."

"ஓடிச்சின்னா?"

"வாசல்லயே ஃபேக்டரி பஸ் நிக்குது. உனக்கு ஏன்மா இந்த வேல? சரி, ஓடட்டும். பாப்போம்."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த அவகாசம். அன்று வெள்ளிக்கிழமை. பாகான் டாலாமுக்கு உடனே செய்தி அனுப்பினேன்: நாளை மதியம், ஃபெரியில்.

கடலுக்குக் குறுக்கே பாலம் வந்து எவ்வளவோ காலமாகியும் இந்த மாதிரிக் கொடுக்கல் வாங்கலெல்லாம் ஃபெரியில்தான் நடந்தது. அதற்கு ஒரு முறை இருந்தது. டிக்கெட் காசு அந்தக் கரையில் ஏறும்போது மட்டும்தான். தீவிலிருந்து போனால் இலவசம். விற்கிறவர் காசு கொடுத்து ஏறி வந்து, இறங்காமல் உட்கார்ந்திருப்பார். வாங்குகிறவர் தீவில் ஏறிக்கொள்வார். படகு மறுபடி அந்தக் கரையைத் தொடுவதற்குள் பேரம் முடிய வேண்டும். முடிந்தாலும் முடியாவிட்டாலும் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். நான் டிக்கெட் எடுத்துத் திரும்ப வேண்டும், சாமானோடு அல்லது வெறுங்கையோடு.

சனிக்கிழமை மதியம் வெயில் கடலை உருக்கி ஊற்றியிருந்தது. கரையோரத் தண்ணீரில் சொறிமுட்டை ஜெல்லி மீன்கள் குடை மாதிரி விரிந்து விரிந்து மூடின. பையில் என் செத்த கார்புரேட்டரும் ஒரு ஸ்குரூ டிரைவரும். ஃபெரியின் மேல் தட்டில் பேப்பர் பொட்டலத்தோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பட்டுப் புடவையில் அவர் மனைவி, கையில் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம்.

"அண்ணே, கார்புரேட்டர்தானே?"

அவர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். "ப்ரோ வரலையாம்மா?"

"நான்தாண்ணே ப்ரோ."

பக்கத்திலிருந்த அக்கா மெல்லுவதை நிறுத்தினார். "ஓ. ப்ரோ ப்ரோன்னு விடிய விடிய டைப் அடிச்சது இதுக்கா?"

"எனக்கு என்னா தெரியும்? ஜெட் நம்பர் கேட்டுச்சு, ஃப்ளோட் கேட்டுச்சு. எந்தப் பொண்ணுலா அதெல்லாம் கேக்கும்?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "நெசமா இதைத்தான் பேசுனீங்களா?"

"ஆமாக்கா. வேற ஒண்ணுமே பேசல."

"ஜெட்டுன்னா?"

"பெட்ரோல் போற பித்தள ஓட்டை. குட்டியா இருக்கும்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது. "இதுக்கா நான் பட்டுக் கட்டிக்கிட்டு வந்தேன்" என்று சொல்லி, எனக்கும் ஒரு பிடி கடலை கொடுத்தார்.

படகு நகர்ந்தது. பொட்டலத்தைப் பிரித்தேன். அதே பளபளப்பு, அதே விளிம்பு. திரையில் எத்தனையோ தடவை உதித்தது இப்போது என் மடியில் கனத்தது. என்ஜினின் அதிர்வு பலகை வழியாக ஏறி, கார்புரேட்டருக்குள் எதையோ மெல்லக் கிணுகிணுக்க வைத்தது. ஏற்கெனவே ஓடுகிற வண்டி மாதிரி இருந்தது.

அப்புறம் திருப்பினேன்.

"அண்ணே, காது எங்க?"

என்ஜினோடு சேர்த்து முடுக்குவதற்குக் கார்புரேட்டரில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு காது இருக்கும். ஒரு காது முறிந்திருந்தது. ஒற்றைக் காதில் மாட்டினால் இடுக்கில் காற்றை இழுத்துக்கொண்டு வண்டி இருமி இருமி நின்றுவிடும்.

"இருக்கே, இந்தா."

"இது இல்லண்ணே, அந்தப் பக்கத்துக் காது. படத்துல நல்லா இருந்துச்சே."

"படத்துல உள்ளது நல்லாத்தானே இருக்கு? ஸ்கேனர்ல கண்ணாடியில பட்ட பக்கம் மட்டுந்தான் தெரியும். அந்தப் பக்கத்த நீ கேக்கலையே ப்ரோ."

அவர் சொன்னதில் ஏமாற்றே இல்லை. அதுதான் எரிச்சல். பாதிக் கடல் தாண்டியிருந்தோம். முன்னால் துறைமுகத்தின் கிரேன்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. ஞாயிற்றுக்கிழமை லாரியில் என் வண்டி பழைய பேப்பர்களுக்கு நடுவே மல்லாந்து போவது கண்ணில் ஓடியது. ஏதாவது செய்ய வேண்டுமே என்று பையிலிருந்த செத்ததை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். என்னுடையதில் உள்ளே எல்லாம் அழுகல். ஆனால் இரண்டு காதும் முழுசு.

"அண்ணே, உள்சாமான மட்டும் குடுங்க."

"எல்லாத்தையும் உருவிட்டா இந்தக் கூட்ட வச்சி நான் என்னா செய்யிறது?"

அக்கா குறுக்கே வந்தார். "கூடு மறுபடியும் என் சாப்பாட்டு மேசைக்கு வராது. தங்கச்சி, முழுசா எடுத்துக்க. பாதி வெல குடு."

"பாதியா?"

"காதுல பாதிதானே இருக்கு."

அவர் பேப்பரைத் தரையில் விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஸ்குரூ டிரைவர எடு ப்ரோ" என்றார்.

அந்த மிச்ச நேரம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. தண்ணீரில் பட்ட வெயில் கூரையின் அடிப்பக்கத்தில் வலை வலையாக ஆடியது. பெட்ரோல் வாசமும் உப்பு வாசமும் கலந்து வந்தன. அவர் கழற்றித் தர, நான் மாட்டினேன். ஸ்பிரிங், ஊசி, ஜெட். மிதவையைப் பிடிக்கிற ஊசி போன்ற சின்னக் கம்பி மட்டும் கையிலிருந்து நழுவி, படகின் ஆட்டத்தில் கம்பித் தடுப்பை நோக்கி உருண்டது. அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை. பட்டுப் புடவையை லேசாகத் தூக்கி, செருப்புக் காலால் அதை அமுக்கினார். மறு கை கடலைப் பொட்டலத்திலேயே இருந்தது.

கடைசி ஸ்குரூவை முடுக்கும்போது படகு கரையில் இடித்தது. திரும்புவதற்கு டிக்கெட் எடுத்தேன். வழி நெடுக அதை மடியில் வைத்திருந்து, அவ்வப்போது காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். கிணுகிணுப்பு நின்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. படிக்கட்டடியில் நான் வியர்த்து ஊற்றிக் கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் பழைய பேப்பர் லாரியின் ஒலிபெருக்கி மலாயில் பாட ஆரம்பித்துவிட்டது: சூராட் காபார் லாமா, சூராட் காபார் லாமா. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து ஓரமாக நின்றார். லாரிக்காரரும் வந்து நின்றார். இருவரும் சாவு வீட்டில் நிற்பவர்கள் போல் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

உதைத்தேன். ஒரு தும்மல். உதைத்தேன். ஒன்றுமில்லை. சோக்கைப் பாதி தள்ளி, பெட்ரோல் இறங்குவதற்குக் கொஞ்சம் பொறுத்து, ஒருதரம் கண்ணை மூடி உதைத்தேன்.

ஒலிபெருக்கி கேட்காமல் போயிற்று. நீலப் புகை படிக்கட்டு வழியாக மாடி மாடியாக ஏறியது. யாரோ சன்னலைச் சாத்தினார்கள். புகைக்குள் அப்பாவின் உருவம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது, ஸ்கேனரில் கார்புரேட்டருக்குப் பின்னால் தெரிந்த எழுத்து மாதிரி. அது மேலே போய், ஒரு கட்டுப் பழைய பேப்பரோடு திரும்பி வந்து லாரிக்காரரிடம் கொடுத்தது.

"ஏத்த வேணாமா?" என்று அவர் மலாயில் கேட்டார்.

"அது பைக்கு" என்றார் அப்பா.

அன்று மத்தியானம் நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தபோது பின்னால் வந்து நின்றார். டெலிபோன் லைன் அடைபட்டிருப்பதற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அதுல சைடு மிரர் இல்லையே" என்றார். "பின்னால லாரி வந்தா எப்படித் தெரியும்? இதுல மிரர் கெடைக்குமா?"

தேடினேன். கெப்பாலா பத்தாஸிலிருந்து ஒருவர் போட்டிருந்தார். அப்பா நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கறுப்பு இறங்கியது. அப்புறம் இன்னும் கொஞ்சம் கறுப்பு. வட்டமாக ஒரு விளிம்பு, ஒரு தண்டு. கண்ணாடியை ஸ்கேனரில் கவிழ்த்தால் அதில் எதுவுமே விழாது போலும். விளிம்புக்குள் சுத்தமான இருட்டு.

அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். அடுப்படியில் ரசம் கொதிக்கிற வாசம் வந்தது.

"அந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு கேளு" என்றார்.