கோட்டைக்கு வெளியே சமையலறை

அந்த வீட்டில் நான் செய்த முதல் வேலை ஒருவன் முகத்தில் செங்கல்லால் அடித்தது. மதில் ஏறிக் குதித்து வந்திருந்தான். கையில் கடப்பாரை. யார், எதற்கு வந்தான் என்று கேட்கவில்லை. பல் உடைந்து, வாயைப் பொத்திக்கொண்டு வந்த வழியே ஏறிப் போனான். நான் வேலைக்குச் சேர்ந்து அரைநாள்கூட ஆகியிருக்கவில்லை.

அதற்கு முன் பெங்களூர் ஆடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் இருந்தேன். காவிரிக் கலவரத்தில் பட்டறையைக் கொளுத்தினார்கள். பின்சுவர் ஏறி ஓடும்போது சைக்கிள் செயின் முதுகில் பட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பிறகு லாரி கிளீனர், தொம்மலூரில் கட்டட வேலை என்று சில வருடம் போனது. தங்கவயலில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவன் நான். எந்த வேலையிலும் கால் நிற்காது. பிரேசர் டவுனில் கசாப்புக் கடையில் வேலை பார்த்த பாய் ஒருவர் பழக்கம். அவர்தான் தன்னோடு இந்த வேலைக்குக் கூட்டிப் போனார்.

“ஒரு ராஜா ஊடு. உள்ளயே தங்கணும். சோறு நல்லாருக்கும். அடிதடியும் வரும் மாமூ, இப்பவே சொல்லிட்டேன்” என்றார்.

எனக்குச் சோறு மட்டும்தான் காதில் விழுந்தது.

கன்டோன்மென்ட் பக்கம் பெரிய மரங்களுக்கு நடுவே இருந்தது அந்தக் கோட்டை. கோட்டை என்றுதான் ஆட்டோக்காரர்களும் சொல்வார்கள். வடாற்காடு பக்கத்து ஜமீன் குடும்பம் ஒன்றின் வீடு. அதில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் தனியாக இருந்தார். கணவர் இறந்தபின் பிறந்த வீட்டுக்கே திரும்பியவர். எல்லோரும் துரைசானியம்மா என்று கூப்பிட்டார்கள். அவருடைய தம்பி, அப்பா செத்த பிறகு, வீடு முழுவதையும் ஒரு பில்டருக்கு விற்றுவிட்டார். அக்கா கோர்ட்டுக்குப் போனார். அந்த வீட்டை விட்டால் அவருக்குப் போக வேறு இடம் கிடையாது.

வக்கீல் குமாஸ்தா ஒருவர் வந்து எங்களுக்கு வேலையை விளக்கினார். “திங்கக்கெழம கமிஷனர் வருவாரு. வீட்ட சுத்திப் பாத்து எழுதுவாரு.”

“போலீஸ் கமிஷனரா சாப்?” என்று பாய் எழுந்து நின்றுவிட்டார்.

“உக்காருய்யா. இது கோர்ட்டு அனுப்புற வக்கீலு. வீட்ல யாரு குடியிருக்காங்கன்னு பாப்பாரு. மொதல்ல அடுப்பத்தான் பாப்பாரு. யாரு அடுப்பு எரியுதோ அவங்க வீடு. துரைசானியம்மா அடுப்பு அணையக் கூடாது. புரிஞ்சுதா?”

பெங்களூரில் அப்போது வீட்டுத் தகராறுகள் இப்படித்தான் நடந்தன. பூட்டு போட்டால் உடைப்பார்கள். பெயர்ப் பலகை வைத்தால் வேறு பலகை வைப்பார்கள். எரிகிற அடுப்பும் அதன்மேல் ஒரு பானையும் இருந்தால் அதைக் குடித்தனம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே அந்த அம்மாள் தன் கையால் பகலெல்லாம் எதையாவது வேகவைத்துக்கொண்டே இருந்தார். பருப்பு, கொள்ளு, கீரை, நாய்க்கு எலும்பு. நாங்கள் நன்றாகச் சாப்பிட்டோம்.

வீட்டைக் கட்டியவர் அவருடைய தாத்தா. குதிரைப் பந்தய மாதங்களில் பெங்களூரில் தங்குவதற்காகக் கட்டினாராம். யாரோ ஒரு வெள்ளைக்காரர் அவருக்குச் சீமையிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். அட்டையில் அச்சடித்த கோட்டைப் படம். அதைக் கொத்தனார் கையில் கொடுத்து, இதேபோல வேண்டும் என்றார். படத்தில் கோட்டையின் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. அதனால் முன்பக்கம் மட்டும் கோட்டையாயிற்று. ஆளுயரத்துக்குக் கருங்கல், அதன்மேல் செங்கல், இரண்டு மூலையிலும் உருண்டைக் கொத்தளம், உச்சியில் பல்வரிசை மாதிரி மேடும் பள்ளமும், அம்பு விடுவதற்கென்று ஒல்லியான ஜன்னல்கள். அந்த ஜன்னல்களுக்குச் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி போட்டிருந்தார்கள். வலப்பக்கக் கொத்தளத்தில் படி கிடையாது. உள்ளே வெறும் கல்லும் மண்ணும். பின்பக்கம் எப்படி என்று படம் சொல்லாததால் கொத்தனார் தனக்குத் தெரிந்ததைக் கட்டினார். முற்றம், மரத்தூண், நாட்டு ஓடு, பனைமரச் சட்டம். தெருவிலிருந்து பார்த்தால் சீமை. கொல்லையிலிருந்து பார்த்தால் ஆரணி.

சமையலறை அதற்கும் வெளியே. தாத்தாவுக்கு வெள்ளைக்கார விருந்தாளிகள் மூக்கில் மசாலா ஏறக் கூடாது. பாட்டியாருக்குப் பூட்ஸ் கால் நடக்கிற கூரையின்கீழ் சமைக்கக் கூடாது. இருவருக்கும் பொதுவாகக் கொல்லையில் தனியாக ஒரு கட்டடம் எழுப்பி, வீட்டுக்கும் அதற்கும் ஓட்டுக் கூரை போட்ட ஒரு நடை விட்டார்கள்.

போர்ட்டிகோ தூணில் ஒரு இரும்பு வளையம் இருந்தது. குதிரை கட்டவா என்று கேட்டேன்.

“குதிரையும் கட்டுவாங்க. வரி கொறைக்கச் சொல்லி ஜமீன்லேந்து நடந்து வந்தவனையும் கட்டுவாங்க” என்றார் துரைசானியம்மா. “எங்க தாத்தா சவுக்க எடுத்தா ரத்தம் பாக்காம வெக்கமாட்டாரு. ஒருத்தன் இங்கயே செத்தான். அந்தக் கொத்தளத்து மேலேந்து ஒரு சித்தாளு விழுந்து செத்தா. ஹால்ல பங்காளி ஒருத்தர குத்திட்டாங்க. கல்லு சும்மா நிக்குமாடா?”

எங்கள் தாத்தாவின் ஊரும் அந்த ஜமீனில்தான் இருந்தது. நான் சாப்பிடப் போனேன். கீரை ஆறிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முன் கேட்டில் ஒரு ஜீப் வந்து மோதியது. உள்ளே ஏழெட்டுப் பேர். கேட்டைக் கம்பியால் அடித்தார்கள், அம்மாளை அசிங்கமாகத் திட்டினார்கள். நானும் பாயும் இடப்பக்கக் கொத்தளத்தில் ஓடி ஏறினோம். கோட்டை என்று ஒன்றைக் கட்டிவைத்து, அதன்மேல் இரண்டு பேரை நிற்கவிட்டால் அவர்கள் அதைத்தான் செய்வார்கள். எறிவதற்குக் கல் தேடியபோது உச்சியில் இருந்த மேடு பாயின் கையோடு பெயர்ந்து வந்தது. சுண்ணாம்பு மக்கிப் போயிருந்தது.

“மாமூ, கோட்டைக்கே பல்லு ஆடுதுடா!” என்று சிரித்தபடி அதைக் கீழே போட்டார். ஜீப்பின் கண்ணாடி நொறுங்கியது. இன்னும் இரண்டைப் பெயர்த்து எறிந்தோம். ஒருவனுக்குத் தோள் இறங்கியது. எங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

அப்போது கொல்லையில் நாய் ஒருமுறை கத்தி நின்றது.

அவர்கள் எங்களை முன்பக்கம் நிறுத்திவைத்துவிட்டுப் பின்பக்கம் வேன் கொண்டுவந்திருந்தார்கள். கொல்லை மதில் மண்சுவர், தள்ளியே சாய்த்துவிட்டார்கள். நாங்கள் படி இறங்கி, ஹாலையும் முற்றத்தையும் தாண்டி நடையில் நுழைந்தபோது நாய் மண்டை பிளந்து கிடந்தது. துரைசானியம்மாவை முடியைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளியிருந்தார்கள். அடுப்பில் குடம் தண்ணீர் ஊற்றிய புகை.

நடை குறுகலானது. ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் நிற்கலாம். பாய் முன்னால் போனார். தோசைக்கல்லால் அவர் நெற்றியில் அடித்தார்கள். தோல் கிழிந்து புருவத்தின்மேல் தொங்கியது. நான் அவரைத் தாண்டிப் போய் ஒருவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினேன். அவன் மூக்கு உடைந்தது. கதவுச் சந்தில் என் கை இருந்தபோது உள்ளேயிருந்து கதவை அறைந்தார்கள். இரண்டு விரல் எலும்பு முறிந்தது. அவை இன்றும் மடங்காது.

“அடிகெ மனெ நம்து கணோ! ஹோகோ, ஹோகோ!” என்று உள்ளேயிருந்து ஒருவன் கத்தினான். சமையலறை எங்களுடையது, போடா என்று.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு பெண், இரண்டு குழந்தைகள், கேஸ் அடுப்பு, சிலிண்டர், சாமி படம், பாத்திரமூட்டை. வேனில் ஒரு முழுக் குடும்பத்தையே ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். அந்தப் பெண் அதற்குள் அரிசி களைய ஆரம்பித்துவிட்டாள். எங்கள் பக்கத்துப் பேச்சுதான் பேசினாள்.

“நான் இன்னாண்ணா பண்றது, நானும் கூலிக்குத்தான் வந்துகிறேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்த துரைசானியம்மாவைப் பார்த்து, “அம்மா, உப்பு எங்க வெச்சிருக்கீங்க?” என்றாள்.

“மேல் பலகையில, பீங்கான் ஜாடி” என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்தார். தலையில் முடி பிய்ந்த இடத்தில் ரத்தம் கசிந்தது.

நேராக ஹாலுக்கு வந்தார். கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்குத் தரை, சுற்றி மாடி, மாடியில் பெண்கள் மறைந்து பார்க்க மரத் தட்டி. ஒரு சுவரில் குளிர் காய்வதற்கென்று ஆளுயரக் கணப்பு.

“வாசல்ல எறிஞ்ச கல்லுங்க கெடக்குமே, மூணு எடுத்துட்டு வாடா. பாய், அந்த நாக்காலிய ஒட.”

“இது தேக்கும்மா” என்றார் பாய், ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு.

“தேக்கு எரியாதா?”

ஜீப் போய்விட்டிருந்தது. கோட்டைப் பல் மூன்றைக் கொண்டுவந்து கணப்பில் வைத்தேன். நாற்காலியை உடைத்துத் தீ மூட்டினோம். குமாஸ்தா எங்களுக்குக் கொடுத்திருந்த அரிசியில் மிச்சமும், நாங்கள் குடிதண்ணீர் வைத்திருந்த அலுமினியப் பானையும் ஹாலில் இருந்தன. பற்றவைத்த கொஞ்ச நேரத்தில் புகை எல்லாம் எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. வெளியே கூரையில் பெரிய புகைபோக்கி தெரியும். ஆனால் படத்தில் புகைபோக்கியின் உள்பக்கம் இல்லையே. கொத்தனார் அதை உள்ளே துளையில்லாமல் அடைத்தே கட்டிவிட்டார். ஜமீன் இருந்த காலம் முழுக்க அந்தக் கணப்பில் யாரும் தீ மூட்டவே இல்லை போலிருக்கிறது. ஹால் நிறைந்துவிட்டது. இருமி இருமி அந்த அம்மாள் கஞ்சி வடித்தார். ஒரு நாற்காலி முடிந்தால் அடுத்த நாற்காலி. நாங்கள் மாறி மாறி வாசலில் போய் மூச்சு விட்டோம், அவர் அசையவில்லை.

திங்கள் காலை, கமிஷனருக்கு முன்பாகத் தம்பி வந்தார். வெள்ளைச் சட்டை, மோதிரங்கள், கூட இரண்டு ஆட்கள்.

“என்னக்கா இது, நடு ஹால்ல? பிச்சக்காரி மாதிரி? எழுந்திரு.”

“சாப்பிட்டியா?” என்றார் அவர், திரும்பாமல்.

“நீ மானத்த வாங்காம எழுந்திரு. கமிஷனர் வரப்போறாரு.”

“வரட்டும். அவருக்கும் சேத்துத்தான் ஒல வெச்சிருக்கேன்.”

தம்பி காலால் பானையை உதைத்தார். கொதிக்கிற சோறும் கஞ்சியும் அக்காவின் முழங்கையிலும் பாதத்திலும் கொட்டியது. அவர் கத்தவில்லை, ஒரு மாதிரி முனகினார், அவ்வளவுதான். ஆட்கள் பாயைப் பிடித்துக்கொண்டார்கள். எரிக்க வைத்திருந்த நாற்காலிக் கால் ஒன்று என் பக்கத்தில் கிடந்தது. தம்பியின் வலது கையில் முழங்கைக்குமேல் அடித்தேன். கரும்பு ஒடிகிற சத்தம். மறுபடி அதே இடத்தில் அடித்தேன். எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. அவர் பளிங்கில் உருண்டு சிறுபிள்ளை மாதிரி அக்கா, அக்கா என்று கூப்பிட்டார். ஆட்கள் பாயை விட்டுவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

துரைசானியம்மா கொப்புளித்த கையால் சிதறிய கொள்ளியைக் கூட்டி, பானையை நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றி மறுபடி உலை வைத்தார். கமிஷனர் வந்தபோது அது கொதித்துக்கொண்டிருந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி அவர் எழுதிக்கொண்டார். அவருக்குப் பின்னாலேயே போலீஸ் வந்து என்னையும் பாயையும் ஜீப்பில் ஏற்றியது. ஸ்டேஷனில் உள்ளங்காலில் அடித்து லாடம் கட்டினார்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை; எல்லோருக்கும் செய்வதுதான்.

உள்ளே இருக்கும்போது குமாஸ்தா மூலம் தெரிந்தது. வழக்கு முடியும்வரை கோட்டை அம்மாளிடமே இருக்கட்டும், சமையலறை வாங்கியவர் பக்கம் இருக்கட்டும் என்று கோர்ட்டு சொல்லிவிட்டதாம். கோட்டை இல்லாத சமையலறையை வைத்துக்கொண்டு பில்டர் என்ன செய்வார்? தன் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். தம்பியையும் தன் பங்களாவுக்குள் விடாமல் துரத்தினார் என்று கேள்வி.

சில மாதம் கழித்து ஜெயிலிலிருந்து வெளியே வந்ததும் அங்கேதான் போனேன். சாப்பாடு கிடைக்கும் என்ற எண்ணம்தான். கேட்டில் யாரும் இல்லை. போர்ட்டிகோவில் தரையில் சம்மணம் போட்டுத் தம்பி உட்கார்ந்திருந்தார். வலது கை கோணலாக ஒட்டிப் போயிருந்தது. வாய்வரை எட்டாது போல. இடது கையால் சாப்பிட அந்தக் குடும்பத்தில் யார் சம்மதிப்பார்கள்? அக்கா எதிரே உட்கார்ந்து ரசம் சோற்றைப் பிசைந்து உருட்டி அவர் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்காவின் முழங்கையில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

தம்பி என்னைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

“இவன்தாங்கா” என்றார்.

“தெரியும். நீ வாயத் தொற.”

அவர் வாயைத் திறந்தார். அந்த உருண்டையைக் கொடுத்துவிட்டு, துரைசானியம்மா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கிற மாதிரி, ஒரு கண் தம்பியிடம் இருந்தது.

“நீ போயிடுப்பா. இந்த ஊட்ல ஒனக்கு இனிமே எடமில்ல.”

சரிம்மா என்று சொல்லிவிட்டு நடந்தேன். எனக்கு முன்பே வெளியே வந்துவிட்ட பாயைச் சிவாஜிநகரில் தேடிப் பிடித்து, அவரிடம்தான் அன்றைக்குச் சாப்பிட்டேன்.