ஓட்டக்காரிக்குத் தைத்த நீலச் சட்டை

எங்கள் கம்பெனியில் அதுவரை ஆண்களுக்கான வெள்ளைப் பனியனைத் தவிர வேறெதுவும் தைத்ததில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் இந்தியப் பெண்கள் ஓட்ட அணிக்கு உடை தைக்கும் வேலை என் கணவருக்குக் கிடைத்தது. “பாக்க எடுப்பா இருக்கோணுமாம். நீயே வரைஞ்சு குடு” என்றார். கல்யாணத்துக்கு முன்பே தையலும் கொஞ்சம் ஓவியமும் கற்றவள் நான்.

அணியில் ஒரு பெண் வீரபாண்டிப் பக்கம், விவசாயக் குடும்பம். அளவெடுக்க வரச் சொன்னோம். இதுவரை எதைப் போட்டுக்கொண்டு ஓடினாய் என்று கேட்டேன்.

“ஆம்பளைங்க பனியன்தானுங்கக்கா. கைப்பக்கம் தொளதொளன்னு கெடக்கும். உள்ள தெரிஞ்சுருமோன்னு ஒரு கை அதையவே புடிச்சு இழுத்துட்டிருக்கும்.”

அந்தக் கையை விடுவிக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அடர்நீலத் துணி, ஒடுங்கிய தோள், அக்குளை ஒட்டி நிற்கும் வெட்டு, பக்கவாட்டில் இடுப்புவரை இறங்கும் காவியும் வெள்ளையுமான கோடுகள். காகிதத்தில் எத்தனையோ முறை வெட்டித் திருத்தினேன். ஞாயிறுகளில் அவள் பஸ் பிடித்து வருவாள். கடைசி சாம்பிளைப் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் பின்னால் மண்பாதையில் ஓடினாள். இரண்டு கைகளும் தாராளமாக வீசின.

“போட்டிருக்கற நெனப்பே இல்லீங்கக்கா” என்றவள், கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

எல்லாம் தைத்து முடித்த பிறகு, அணிக்குப் பொறுப்பான அதிகாரி வந்தார். ஒரு சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“பொம்பளப் பிள்ளைங்களுக்கு இப்படி உடம்போட ஒட்டியா? நாலு பேர் பேசுவாங்க. லூசாத் தைங்க, சட்டைக்குக் கை வைங்க.”

“லூசா இருந்தாத்தானுங்க அதுக கூச்சப்படுதுக. ஓடற பிள்ளையையே கேட்டுப் பாருங்க” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு என் கணவர் பக்கம் திரும்பினார். “எப்பத் தருவீங்க?”

கணவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “சீக்கிரமே தந்தர்றேனுங்க.”

வெட்டிய துணியை அகலமாக்க முடியாது, அவர் சொன்னபடி லூசாகப் புதிதாகவே தைத்தோம். கோடு போட நேரமில்லை.

போட்டி முடிந்து ஊர் திரும்பியதும் அவள் வந்தாள். முதல் சுற்றிலேயே வெளியேறியிருந்தாள்.

“சட்டை தொந்தரவு பண்ணுச்சா கண்ணு?”

“அதச் சொல்லி என்னங்க பண்றது. அந்த வெளிநாட்டுப் பிள்ளைக வேகம் அப்படி.” எழுந்து வாசல்வரை போனவள் திரும்பினாள். “கை மட்டும் சட்டைக்குப் போயிருச்சுங்க. பழகுன கைதானுங்களே.”

மறுபடி அவளை அணிக்கு எடுக்கவில்லை. பல்லடம் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

சில வருடம் கழித்து பஸ் ஸ்டாண்டில் இடுப்பில் குழந்தையோடு பார்த்தேன். ஊர்க்கதை பேசிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“கோடு போட்ட அந்த நீலச் சட்டை ஒண்ணாவது கெடக்குதுங்களாக்கா?”

எல்லாவற்றையும் வேஸ்ட் துணியோடு போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். அவளுக்கென்று ஒன்றை எடுத்து வைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

“செரிங்கக்கா” என்றாள். பஸ் வந்தது. குழந்தையை மாற்றி இடுக்கிக்கொண்டு ஏறிப் போனாள்.