கேட்காமல் வைத்திருந்த குரல்

என் பழைய ஃபோனில் வீடியோவில் பேச முடியாமல் போனதால், ஒத்தக்கடையில் ஒரு செல்போன் கடைக்குக் கொண்டுபோனேன்.

"கம்பெனிக்காரன் இதைக் கைவிட்டுட்டான்மா. வேற ஆளுக செஞ்ச சிஸ்டத்தை ஏத்துனா இன்னும் ரெண்டு வருசம் ஓடும். ஆனா உள்ள இருக்கிறது பூராம் அழிஞ்சுபோகும். வேணுங்கிறது எதுவும் இருக்கா?" என்றார் கடைக்காரர்.

சுற்றிலும் ஆம்பளைகள் நின்றார்கள். "ஒண்ணுமில்ல தம்பி" என்றேன்.

ஆனால் ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டிலேயே இருக்கும் என் ஓரகத்தி அனுப்பிய குரல் பதிவு. போன ஐப்பசியில் கொடியில் காயப்போட்ட என் சுங்குடிச் சேலையை அவள் வீட்டில் பார்த்தேன். திருடிவிட்டாள் என்று நினைத்தேன். கேட்கக் கூச்சம்; பேச்சை நிறுத்திவிட்டேன். மறுநாள் அவள் அனுப்பியதை நான் கேட்கவே இல்லை.

கடைக்காரர் ஓரத்துப் பொத்தானில் கட்டைவிரலை வைத்தார். "இதை அமுக்குனா அம்புட்டும் போயிரும். அமுக்கட்டா?"

விரல் அழுந்தப் போகையில் அவர் கையைப் பிடித்துவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா, உள்ள புதையலா?" என்று சிரித்தவர், ஃபோனைப் பழையபடி திறந்து தந்தார்.

ரோட்டோரம் நின்று காதில் வைத்தேன்.

"அக்கா, நேத்து நீங்க அழகர்கோவில் போயிருந்தப்ப மழை வந்துருச்சு. உங்க சேலைய நான்தான் எடுத்து வச்சேன். ஏங்க்கா மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க?"

அப்படியே பஸ் ஏறி அவள் வாசலில் போய் நின்றேன். "என் சேலையக் குடுடி" என்றேன். வேறெதுவும் வரவில்லை.

"இதைக் கேக்க இம்புட்டு நாளாக்கா?" என்றாள்.

கூச்ச சுபாவம் என்று இத்தனை வருடம் நான் சொல்லிக்கொண்டதில் பாதி வீம்புதான்.