முருகன் உப்புப் பார்த்த ரூம்

அரியலூரில் படித்த காலத்தில் நாங்கள் சாம்பாரில் முந்திரிப்பருப்பு போட்டோம் என்றால் என் மனைவிகூட நம்புவதில்லை. தக்காளி வாங்கக் காசு இருக்காது, முந்திரி இருக்கும். கூடத் தங்கியிருந்தவனுக்கு ஊர் உடையார்பாளையம். அவன் வீட்டில் கொட்டை உடைத்தால் முழுப்பருப்பு வியாபாரிக்குப் போகும், உடைசல் ஒரு மஞ்சப்பையில் எங்களுக்கு வரும். பக்கத்து ரூம்காரர்கள் எங்களைப் பெரிய இடத்துப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு கைமாற்றுக் கேட்டு வந்தார்கள்.

ரூம் ரயில்வே கேட்டைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டோரம் இருந்தது. உடையார்பாளையத்தான், எறையூரான், நான் என்று மூன்று பேர். அவர்கள் இரண்டு பேருக்கும் ஊரே பெயராகிவிட்டது. நான் பெரம்பலூர்ப் பக்கம். ஆனால் என்னை யாரும் ஊரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ‘சமையலு’ என்றார்கள்.

ஏற்பாடு அப்படி. உடையார்பாளையத்தான் வீட்டு அரிசி. எறையூரானின் அப்பாவுக்குச் சர்க்கரை ஆலையில் நிரந்தர வேலை, அதனால் காய்க்கும் மளிகைக்கும் அவன் காசு. என்னிடம் இரண்டும் இல்லை, கை மட்டும் இருந்தது. சமைக்கிறவன் சாப்பாட்டுக்குப் பங்கு போட வேண்டாம் என்று முதல் வருஷமே முடிவாகிவிட்டது. வாடகையில் என் பங்கை ஸ்காலர்ஷிப் பார்த்துக்கொண்டது.

நன்றாகத்தான் சாப்பிட்டோம். மார்க்கெட்டுக்குக் கடைகட்டுகிற நேரம் பார்த்துப் போவேன். ஓட்டை விழுந்த கத்தரிக்காயைக் கூறு கட்டிக் கொடுத்துவிடுவார்கள். பூச்சி தின்ற பக்கத்தை அரிந்துவிட்டால் மீதி நம்முடையது. முட்டைக் கடையில் விரிசல் விட்ட முட்டையைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள், பாதி விலை. வீட்டுக்காரம்மாவின் முருங்கை மரத்தில் கீரை இலவசம். லாரிப் புழுதி வெள்ளையாகப் படிந்திருக்கும், நாலு தண்ணியில் அலசினால் போதும். கொள்ளு, தட்டைப்பயறு, சோறு வடித்த கஞ்சியில் மோர். முந்திரிப்பழம் பழுக்கிற காலத்தில் தோப்பில் சும்மாவே பொறுக்கிக்கொள்ளலாம். உப்பு தொட்டுத் தின்றுவிட்டு ஒரு நாள் முழுக்கத் தொண்டை கரகரத்துக்கொண்டு கிடப்போம்.

இரண்டாம் வருஷம் தொடங்கியபோது அப்பா செத்துப்போனார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. டீ ஆறிப்போயிருந்ததாகச் சொன்னார்கள். அதை ஏன் என்னிடம் சொன்னார்கள் என்று இன்றைக்கும் தெரியாது.

நான் அழவில்லை. கொள்ளி வைத்தேன், மொட்டை போட்டேன், வந்தவர்களுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தேன். மாமன் மகன்களிடம் கேலிகூடப் பேசிக்கொண்டிருந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தப்பா பேச்செடுத்தார்.

“படிச்ச வரைக்கும் போதும். நம்ம ஆளு ஒருத்தரு லாரி வச்சிருக்காரு. கிளீனரா ஏத்தி வுட்டுடுவோம்.”

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “சோத்துக்குக் காசு கேக்காம படிக்கிறதுன்னா படிக்கட்டும். கேட்டான்னா, லாரிக்குப் போவட்டும்.”

அவ்வளவுதான் பேச்சு. அரியலூரில் அந்த ஸ்டவ் முன்னால் எனக்கு இடம் இருக்கிற வரைக்கும் படிப்பு, இல்லையென்றால் லாரி.

அன்றைக்கு மத்தியானப் பந்தியில் பாயசம் சப்பென்று இருந்தது. சமையல்காரர் சர்க்கரை போட மறந்துவிட்டார் என்று நினைத்தேன். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் சித்தப்பா இலையை வழித்து நக்கிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

ரூமுக்குத் திரும்பிய பிறகுதான் சமாசாரம் புரிந்தது. உப்பு தெரியவில்லை, புளி தெரியவில்லை, சர்க்கரை மணல் மாதிரி இருந்தது. பச்சை மிளகாயைக் கடித்துப் பார்த்தேன். காரம் மட்டும் எரிந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. கொட்டியவரை லாபம் என்று துடைத்துக்கொண்டேன். வேப்பிலையை ஆடு மாதிரி மென்றேன். ஒன்றுமில்லை. அப்பா போனது வலிக்கவில்லை. நாக்கு போனதற்குத்தான் கல்லூரி நூலகத்துக்கு ஓடினேன். ஒரு தடித்த மருத்துவப் புத்தகத்தைப் பிரித்து, எனக்கு மூளையில் கட்டி என்று நானே முடிவு செய்தேன். அடுத்த பக்கத்தில் அது நரம்புத் தளர்ச்சியானது. ராத்திரிக்குள் சர்க்கரை வியாதியும் சேர்ந்துகொண்டது. பொங்கல் தாண்ட மாட்டேன் என்று கணக்குப் போட்டு, சாகப்போகிறவன் செமஸ்டர் பரீட்சைக்குப் படிக்க வேண்டியதில்லை என்று கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், பார்த்தார், சத்து மாத்திரை எழுதினார்.

“வீட்டுல ஏதும் விசேஷமா?” என்றார்.

“ஒண்ணுமில்ல சார்” என்றேன்.

சாவு வீட்டையும் விசேஷத்தில் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ருசி தெரியாத சமையல்காரனை எவன் வைத்துக்கொள்வான்? அதனால் இரண்டு ஏற்பாடு செய்தேன். ஒன்று, உப்புக்கு அளவு. டானிக் பாட்டிலின் மூடியை எடுத்து, சாம்பாருக்கு இவ்வளவு மூடி, ரசத்துக்கு இவ்வளவு மூடி என்று வைத்துக்கொண்டேன். இரண்டாவது ஏற்பாடு முருகன். பழைய காலண்டரிலிருந்து முருகன் படத்தைக் கிழித்து ஸ்டவ்வுக்கு மேலே ஒட்டினேன். சாமிக்குப் படைப்பதை யாரும் முன்னாடியே நாக்கில் வைக்க மாட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டேன்.

“இனிமே படைச்சுட்டுத்தான் சாப்பாடு. அதுக்கு முன்னாடி உப்புக்கூடப் பாக்க மாட்டேன்” என்றேன்.

எறையூரானுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஒரே ஒரு கறுப்புச் சட்டை வைத்திருந்தான், அதைத் துவைக்கிற அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அமைதியாக இருப்பான்.

“முருகன் மாசாமாசம் பங்கு குடுப்பாரா?” என்றான்.

“அவரு திங்க மாட்டாருடா. பாப்பாரு.”

“பாக்கறதுக்கு எதுக்குடா நான் காத்திருக்கணும்? ஒரு போட்டோ எடுத்துக் காட்டிரு.”

உடையார்பாளையத்தான் பக்திமான். அவன் வேறொரு இடத்தில் பிடித்தான். “மாப்ள, அப்பா செத்த வருஷத்துல நீ சூடம் காட்டலாமா?”

இதை நான் யோசிக்கவில்லை. “அதான் மாப்ள, நீ காட்டு. நான் சமைக்க மட்டும்” என்றேன்.

அவன் முகம் மலர்ந்துபோனது. அன்றிலிருந்து அவன் எங்கள் ரூம் குருக்கள். படைத்துவிட்டு முதல் வாய் அவன்தான் எடுப்பான். “உப்பு ஒரு கல்லு கம்மி” என்பான், நான் போடுவேன். எனக்கு ஒரு நாக்கு கிடைத்தது.

ஆனால் கூடவே சட்டமும் வந்தது. குளிக்காமல் ஸ்டவ் பற்ற வைக்கக் கூடாது. செவ்வாய், வெள்ளி முட்டை கிடையாது. கிருத்திகை அன்றைக்கு வெங்காயம் கிடையாது. கடைசியில் ஒரு நாள், முருகன் பார்க்கிற அடுப்பில் கருவாடு ஏறக் கூடாது என்றான். எறையூரான் கையில் சந்தையில் வாங்கிய வாளைக் கருவாடு பேப்பரில் சுற்றி இருந்தது.

“என் காசு, என் கருவாடு” என்றான் எறையூரான்.

“அடுப்பு பொது மச்சான்.”

“அப்ப நான் மெஸ்ஸுக்குப் போயிக்கிறேன். நீயும் முருகனும் பொங்கித் தின்னுங்க. இந்த மாசத்தோட என் காசு நிறுத்தம்.”

அவன் காசு நின்றால் காய் இல்லை, மளிகை இல்லை. வெறும் அரிசிக்குச் சமையல்காரன் எதற்கு? நான் ஒட்டிவைத்த முருகனே என்னை லாரியில் ஏற்றப் பார்த்தார். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். பயந்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அதனால் வாங்கிய அடியும் உண்டு.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கருவாட்டு வாசனை ரூமெல்லாம் நிறைந்திருந்தது. உடையார்பாளையத்தான் கொஞ்ச நேரம் வாசலில் நின்றான். பிறகு உள்ளே வந்து, கொடியில் கிடந்த தன் துண்டை எடுத்து முருகன் படத்தின் மேல் தொங்கவிட்டான்.

“அவரு பாக்கல. கத்தரிக்காயும் சேத்துப் போடு” என்றான்.

எறையூரான் வெற்றி பெற்ற ஆள் மாதிரி ஸ்டவ் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டான். “இன்னைக்கு முருகன் லீவு. நீதான் உப்புப் பாக்கணும்.”

கருவாட்டில் ஏற்கெனவே உப்பு இருக்கும், அது தெரியும். எவ்வளவு என்பது நாக்குக்குத்தான் தெரியும், டானிக் மூடிக்குத் தெரியாது. கொதிக்கும்போது ஒரு மூடி போட்டேன். புளி கரைத்து ஊற்றினேன். ஊற்றியதும் சந்தேகம் வந்துவிட்டது, உப்பு போட்டேனா, போடுகிற மாதிரி நினைத்தேனா? எறையூரான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கை தானாகப் போய் இன்னொரு மூடி போட்டது. கொஞ்ச நேரத்தில் அதே சந்தேகம் மறுபடியும் வந்தது. கை மறுபடியும் போனது. கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினேன். சூடாக இருந்தது. அதைத் தவிர ஒன்றும் இல்லை.

“சரியா இருக்குடா” என்றேன்.

உட்கார்ந்தோம். எனக்குப் பசி. குனிந்து பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே, கருவாடு நன்றாக வெந்திருக்கிறது, கத்தரிக்காய் குழைந்திருக்கிறது என்று பேசிக்கொண்டு போனேன். நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு பேரும் முதல் கவளத்தோடு கையை நிறுத்தி வைத்திருந்தார்கள். என் தட்டில் பாதிச் சோறு காலி.

“நீ என்னடா திங்கற?” என்றான் எறையூரான். “கடலையே கலக்கிக் கொண்டாந்து ஊத்தியிருக்க.”

ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

“தெரியலடா” என்றேன்.

“என்ன தெரியல?”

“ருசி. எதுவுமே தெரியல. அப்பா காரியத்துலேருந்து.”

ரோட்டில் லாரி ஒன்று போனது. அதன் சத்தம் அடங்குவதற்குள் நான் மனசுக்குள் லாரியில் ஏறி, வண்டி பஞ்சராகி, ஜாக்கி வைத்துத் திருகிக்கொண்டிருந்தேன்.

“அப்ப நீ எதுக்குடா சமையலுக்கு?” என்றான் எறையூரான்.

உடையார்பாளையத்தான் எழுந்துபோய்க் குழம்புச் சட்டியை மறுபடி ஸ்டவ்வில் வைத்தான். சோற்றை உருண்டை பிடித்து உள்ளே போட்டான், உப்பை இழுக்கும் என்று. “உருளைக்கிழங்குதான் இழுக்கும்” என்றான் எறையூரான். “கெழங்கு எங்க இருக்கு?” “அப்ப தண்ணி வுடு.” “புளி நீத்துப் போவும்டா.” இரண்டு பேரும் சட்டியைச் சுற்றி நின்று சண்டை போட்டார்கள். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன். என்னைப் பற்றிய பேச்சு அங்கேயே விட்டுப்போனது. விட்டுப்போனதா, தள்ளிவைத்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. ராத்திரி என் துணியையெல்லாம் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் ஸ்டவ்வைப் பற்ற வைத்தபோது எறையூரான் போர்வைக்குள்ளிருந்து பேசினான்.

“உப்பு போடறப்ப எழுப்பு. இனிமே அது நான் பாத்துக்கிறேன். அதுக்குன்னு பாத்திரம் தேய்க்கச் சொல்லாத.”

பையிலிருந்து துணியை எடுத்துக் கொடியில் போட்டேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அரிசி களைந்தேன்.

எறையூரான் உப்பில் பெரிய ஆளாகிவிட்டான். கரண்டியை உறிஞ்சுவான், கண்ணை மூடுவான், விரலால் கல்லுப்பை எண்ணுகிற மாதிரிப் போடுவான். முருகனுக்குப் படைக்கும் முன்னாலேயே நக்குகிறான் என்று உடையார்பாளையத்தானுக்கு வருத்தம்தான். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை, சூடம் காட்டும்போது மட்டும் ஒரு பெருமூச்சு விடுவான்.

பொங்கல் தாண்டியது. நானும் தாண்டினேன், பரீட்சையில் இரண்டு பேப்பர் தாண்டவில்லை. ஒரு மத்தியானம் முருங்கைக்கீரைக் கூட்டும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“உப்பு கொஞ்சம் கம்மிடா” என்றேன்.

எறையூரானுக்குக் கோபம் வந்துவிட்டது. “இத்தன நாளு மண்ணத் தின்ன மாதிரி தின்னுட்டு, எனக்கு உப்பு சொல்ல வந்துட்டியா? வாய மூடிக்கிட்டுத் தின்னு.”

உடையார்பாளையத்தான் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். “இப்ப என்ன சொன்ன?”

“உப்பு கம்மின்னேன்.”

அவன் எட்டி உப்பு டப்பாவை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். நான் கொஞ்சம் எடுத்துப் போட்டுப் பிசைந்து வாயில் வைத்தேன். சரியாக இருந்தது. இந்த இடத்தில் அப்பா ஞாபகம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. கூட்டு தீர்ந்துவிடுமோ என்ற பயம்தான் வந்தது, சட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“நாளையிலேருந்து நானே உப்புப் பாத்துக்கிறேன்டா” என்றேன்.

“அதெல்லாம் குடுக்க முடியாது” என்றான் எறையூரான்.