ஏழாம் நம்பர் மூடி

ஆங்கிலத்தில் ‘கொன்ட்ரவீன்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் அரசாங்க அலுவலகங்களில் இருந்து அதை எத்தனை கடிதங்களில் எழுதினேன் என்று எனக்கே தெரியாது. சட்டம், துணைவிதி, நிபந்தனை, இவற்றை மட்டுமே அது தொடும். கொடுத்த வாக்கை மாற்றினவருக்கு வேறு சொல் உண்டு. கோப்பையைக் கீழே போட்டவருக்கும் வேறு சொல் உண்டு. இது கொஞ்சம் மேலிடத்துச் சொல். நான் இதை முதன்முதலில் சந்தித்தபோது எனக்குப் பத்து வயது. அது எங்கள் சோற்றில் மண் போட வந்திருந்தது.

அப்பாவுக்குக் கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குச் சற்று முன்னால், ஒரு தேத்தண்ணிக் கடை. கண்டி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் உட்கார்ந்து குடிக்க, வாசலில் ஒரு நீள வாங்கு கிடந்தது. ஒரு நாள் கண்டியிலிருந்து பழுப்பு உறையில் ஓர் அரசாங்கக் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. வீட்டில் ஆங்கிலம் படித்தவள் நான் ஒருத்திதான், அதுவும் மூன்றாம் வாசகப் புத்தகம் வரைக்கும். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். அதற்கு முன் எனக்கு யாரும் எதையும் இரண்டு கையால் கொடுத்ததில்லை.

கடைசி வரியில் லைசன்ஸ், ரத்து, பதினான்கு நாள் என்பவை புரிந்தன. அம்மா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். புரியாதது முதல் வரி. நீங்கள் ‘பைலோ’ ஏழாம் இலக்கத்தைக் ‘கொன்ட்ரவீன்’ செய்திருக்கிறீர்கள்.

“பைலாவா?” என்றார் அப்பா. “நம்ம கடையில யாரு பாப்பா பைலா பாடுனா?”

மறுநாள் பள்ளிக்கூடத்தில், கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லி, கண்ணாடி அலுமாரியைத் திறந்து அகராதியைக் கொடுத்தார் டீச்சர். சொல் அதில் இருந்தது. கோயிலில் திரை விலகினால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது எனக்கு. பொருள், ‘பிரேக்’. அது எனக்குத் தெரியும்: உடைப்பது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வேறு ஏதோ போட்டிருந்தது. அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படிக்காமல் விடும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது. பின்னாளில் இலிகிதரானதில் வியப்பில்லை. ‘பை’ என்றால் பக்கத்தில். ‘லோ’வைத் தேடுவதற்குள் மணி அடித்துவிட்டது.

“கடைக்குப் பக்கத்தில ஏழாவதா இருக்கிறத நீங்க ஒடச்சிட்டீங்கப்பா” என்றேன்.

“நானா? எத?”

வெளியே போய்ப் பார்த்தோம். கடையை ஒட்டி வடிகான் ஓடியது. அதன் மேல் வரிசையாகக் கொங்கிரீட் மூடிகள். மூலையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். ஏழாவது மூடி வாங்குக்கு நேர் அடியில் இருந்தது. குறுக்கே வெடித்திருந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்டியில் ஏதோ ஒரு கதிரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு எங்கள் வாங்குக்கு அடியில் இருக்கும் வெடிப்புத் தெரிந்திருக்கிறது. அரசாங்கம் என்றால் இதுதான் என்று நினைத்தேன். சாமியைப் பற்றிக்கூட நான் அவ்வளவு உறுதியாக நினைத்ததில்லை.

அப்பா வெடிப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பக்கத்து இரும்புக் கடைக்குப் போனார். அதன் முதலாளி, நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடும் அக்குறணை முஸ்லிம், கொழும்புக் கம்பெனிகளோடு ஆங்கிலத்தில் எழுதி வியாபாரம் செய்பவர். அப்பா திரும்ப வெகுநேரம் ஆயிற்று. வரும்போது சீமெந்து கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, வாங்கைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு, வேலையைத் தொடங்கினார். நானா தன் கடை வாசலில் வந்து நின்றார்.

“என்ன முதலாளி, புள்ளட இங்கிலீசுக்கு ஒரு மூட்ட சீமெந்து முடிஞ்சா? நல்ல வேள, காயிதத்தில பாலத்த எழுதல்ல.”

அப்பா கரண்டியை நிறுத்தவில்லை. “எழுதியிருந்தா பாலத்தயும் பூசுவேங்க நானா. பாப்பா படிச்சதாச்சே.”

பதின்மூன்றாம் நாள் சைக்கிளில் இன்ஸ்பெக்டர் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். வாசலை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

“வாங்கு எங்கை?”

“உள்ள போட்டுட்டேங்கய்யா.”

“இதை ஆர் பூசினது?”

“நான்தாங்க. ஏழாம் நம்பர ஒடச்சிட்டதா லெட்டர்ல இருக்குன்னு பாப்பா படிச்சுச்சு.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீரோ வாசிச்சனீர்? ‘கொன்ட்ரவீன்’ எண்டால் என்ன, சொல்லும் பாப்பம்.”

“ஒடைக்கிறதுங்க, சேர்.”

இன்ஸ்பெக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தேத்தண்ணி ஆற்றுவதிலேயே கண்ணாக இருந்தார்.

“ஓம், உடைக்கிறதுதான்” என்றார் இன்ஸ்பெக்டர். உள்ளே போய் வாங்கில் உட்கார்ந்து, தேத்தண்ணியைக் குடித்து, புத்தகத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டு போனார். லைசன்ஸ் தப்பியது. அடுத்த ஒரு வருடம் அம்மா என்னைச் சாமான் வாங்கிவரக்கூட அனுப்பவில்லை. ஆங்கிலம் படிக்கிற பிள்ளையாம்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு மழைநாளில், வேறு யாருடைய கோப்புக்காகவோ, அந்தத் துணைவிதிகளை, அதாவது ‘பைலோ’க்களை, புரட்டினேன். ஏழாவது, நடைபாதையில் வாங்கு, மேசை, பெட்டி முதலானவற்றைப் போட்டு வழியை மறிப்பது பற்றியது. வடிகான் மூடியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. உடைந்த மூடிதான் குற்றம் என்று நம்பிய மனிதர் சீமெந்து காய்ந்ததும் வாங்கைத் திரும்பவும் வெளியே போட்டிருப்பார். அப்பா போடவில்லை, கடையை விற்கும் வரைக்கும்.

அப்படியென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை, வாங்கை உள்ளே தூக்கிப் போட்டதோடு அவருடைய வேலை முடிந்திருந்தது. அதன் பிறகு வெயிலில் முழங்காலிட்டு, எந்தச் சட்டமும் கேட்காத ஒரு மூடியை மத்தியானம் வரைக்கும் பூசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று, விட்டுப்போன இடங்களை விரலால் காட்டிக்கொண்டிருந்தேன்.