மாதம்மாள் அத்தை கட்டிய குளியலறை

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கம்பைநல்லூரிலிருந்து என் மைத்துனர் முருகன் போன் செய்தார். "மாமா, அம்மா எந்திரிக்கலைங்க. காப்பி கொண்டுபோயி எழுப்புனேன். கையெல்லாம் சில்லுனு கெடக்குதுங்க" என்றார். தலை வாரிக்கொண்டிருந்த என் மனைவி சத்யா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாவா?" என்று மட்டும் கேட்டாள்.

என் மாமியார் மாதம்மாள் மறைந்து இன்றோடு இருபது நாட்கள் ஆகின்றன. அவரை அறிந்தவர்களுக்கு நான் எழுதப்போவதில் பாதி தெரிந்ததுதான். அறியாதவர்களும் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே எழுதுகிறேன். ஜெயித்துவிட்டுப் போனவரைப் பற்றி அழுதுகொண்டே எழுத எனக்கு மனமில்லை.

அத்தைக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் இருந்தது. மழை பெய்தால் ராகி விளையும், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. கணவர் இளவயதிலேயே இறந்துவிட்டதால், மகளையும் மகனையும் வளர்க்கக் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனார். இருபது வருடம் தலையில் கலவை சுமந்தார். அந்த இருபது வருடத்தில் ஒரு நாள்கூட அவர் கையில் யாரும் பூசுகிற கரணையைக் கொடுத்ததில்லை. பெண்கள் சுமப்பார்கள், ஆண்கள் பூசுவார்கள், அவ்வளவுதான். அத்தை சுமந்தபடியே எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டார்.

எனக்கும் அவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. பகை எதுவும் இல்லை, மாப்பிள்ளை என்ற மரியாதைதான் காரணம். நான் போனால் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வார். "மாப்ளைக்கு இன்னும் ரெண்டு தோசை வையி" என்று மகளிடம் சொல்வார். நானும் "போதும்னு சொல்லு" என்று சத்யாவிடமே சொல்வேன். கல்யாணமாகி ஒன்பது வருடம் இப்படியே போனது.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில், நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் என் பைக் சறுக்கியது. முதுகெலும்பில் அடி. மூன்று மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டுச் சக்கர நாற்காலியில் வீடு திரும்பினேன். கணக்கு வாத்தியாராக இருபத்தைந்து பேர் முன்னால் நின்று பாடம் நடத்தியவன், ஒரு கட்டிலோடு நின்றுபோனேன்.

எங்கள் வீட்டுக் குளியலறை பின்கட்டில் இருந்தது. இரண்டு படி இறங்க வேண்டும். கதவு குறுகல், உள்ளே குத்தவைத்து உட்காரும் கோப்பை, தரையெல்லாம் பாசி. தினமும் காலையில் என் அண்ணன் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போவார். சத்யா குளிப்பாட்டுவாள். நாற்பது வயதில் அப்படித் தூக்கிச் செல்லப்படுவது எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். யாரையும் அடிக்கடி கூப்பிடக் கூடாது என்பதற்காக நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

என்னைப் பார்க்க வந்த அத்தை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். சமையலறையில் அவர் சத்யாவிடம் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது. "ஏன்டி, அவரு தண்ணியே குடிக்கறதில்லியே, நீ பாக்கலியா? வெளிய போவ வெக்கப்பட்டுக்கிட்டு அடக்கிக்கிட்டு இருக்கறாருடி. இப்பிடியே உட்டா கிட்னி போயிரும்."

அடுத்த நாள் ஒரு மேஸ்திரியை அழைத்து வந்து காட்டினார். மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் பண்ண முடியாதுங்க. எல்லாத்தையும் இடிச்சிட்டுப் புதுசாக் கட்டணும்" என்று சொல்லிப் போய்விட்டார். கையிலிருந்த பணமெல்லாம் மருத்துவமனைக்கே தீர்ந்திருந்த நேரம் அது. அத்தை ஊருக்குப் போனார். மூன்றாம் நாள் ஒரு சாக்குப் பையோடு வந்தார். பையில் உளி, சுத்தியல், மட்டம் பார்க்கும் ரசமட்டம், ஒரு புதுக் கரணை.

அன்றைக்கே படியை உடைக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணனுக்குக் கோபம். "சம்பந்தி வூட்டம்மா வந்து நம்ம கக்கூசை இடிக்கறாங்கன்னு தெருவே பேசுதுடா. மானம் போவுது" என்றார். எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. இடிக்கிற சத்தத்தைத் தாண்டிக் கேட்கட்டும் என்றே கத்தினேன்: "சத்யா, உங்கம்மாவ ஊருக்குப் போவச் சொல்லு!" சத்தம் சற்று நின்றது. "படியை எடுத்துட்டுப் போறேன்னு சொல்லுடி" என்று பதில் வந்தது. மறுபடி சுத்தியல் விழுந்தது.

படி போன இடத்தில் சரிவு வந்தது. கதவு நிலையைப் பெயர்த்தெடுத்துவிட்டு மெல்லிய இரும்பு நிலை வைத்ததில் என் நாற்காலி நுழைய இடம் கிடைத்தது. பழைய கோப்பையை எடுத்துவிட்டு, யாரோ வீட்டை இடித்தபோது கழற்றிப் போட்டிருந்த வெஸ்டர்ன் டாய்லெட்டைத் தருமபுரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். டைல்ஸ் கடைகளில் ஒதுக்கிப்போட்ட சொரசொரப்பான துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, வெட்டி வெட்டித் தரையில் பதித்தார். ஒன்றோடொன்று நிறம் சேரவில்லை. "வழுக்கக் கூடாது, அவ்ளோதான். மாப்ளை என்ன அதுல கோலமா போடப் போறாரு" என்றார்.

அளவெல்லாம் சத்யா மூலமாகத்தான். இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, "மாப்ளைய கைய நீட்டச் சொல்லு. இன்னும் கொஞ்சம் கீழ. சோப்பு அங்க வெச்சா எட்டுமான்னு கேளு" என்பார். நான் சத்யாவைப் பார்த்து "எட்டும்" என்பேன்.

ஒரு விஷயத்தை நான் மறக்கவே மாட்டேன். நாற்காலியிலிருந்து பிடித்துக்கொண்டு மாறி உட்கார, சுவரில் பைப்பில் கைப்பிடி வைத்தார். வைத்ததும் தன் முழு எடையையும் போட்டு அதில் தொங்கிப் பார்த்தார். கைப்பிடி பூச்சோடு பெயர்ந்து வந்தது. அத்தை தரையில் விழுந்து முழங்கை கிழிந்தது. சத்யா அலறிக்கொண்டு ஓடினாள். "கத்தாதடி. நான் உழுந்தாப் பரவால்ல. அவரு உழக் கூடாது" என்றார். மறுநாள் சுவரை முழுதாகத் துளைத்து, வெளிப்பக்கம் இரும்புப் பட்டை கொடுத்து, போல்ட் போட்டு முடுக்கினார். கட்டுப் போட்ட கையோடு மறுபடி தொங்கினார். சுவர் அசையவில்லை. அன்றைக்கு என் அண்ணன் அடுத்த கைப்பிடிக்குத் தானே வந்து துளை போட்டார்.

வேலை தொடங்கிய பதினோராம் நாள் காலை. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கினேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். ஐந்து மாதத்தில் முதன்முறையாக நான் ஒரு அறையில் தனியாக இருந்தேன். கைப்பிடியைப் பிடித்து மாறி உட்கார்ந்தேன். என் உடம்புக்கு நானே சோப்புப் போட்டேன். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. வெளியே யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்:

"மாப்ளே, சுடுதண்ணி போதுங்களா?"

ஒன்பது வருடத்தில் அத்தை என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"போதுங்க அத்தை" என்றேன்.

மிச்சமிருந்த சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து அவர் சத்தம்போட்டுச் சிரித்ததாகச் சத்யா பிறகு சொன்னாள். அம்மா அப்படிச் சிரித்து அவள் அதுவரை பார்த்ததில்லையாம்.

அதற்குப் பிறகு அத்தை ஓயவில்லை. கட்டிலின் கால்களுக்குக் கட்டை கொடுத்து நாற்காலி உயரத்துக்கு ஏற்றினார். சுவிட்சுகளை எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே இறக்கினார். நான் நாளெல்லாம் பார்த்துக்கொண்டு கிடந்த அழுக்குச் சுவருக்கு, மூன்று வீடுகளில் மிஞ்சிய பெயிண்டை ஒன்றாகக் கலக்கி அடித்தார். அந்த நிறத்துக்கு இன்றுவரை எங்களுக்குப் பெயர் தெரியாது. மாம்பழத்துக்குக் கிட்டத்தட்ட வரும்.

நான் மீண்டும் வேலைக்குப் போவதற்கும் பள்ளியின் கழிவறைதான் தடையாக இருந்தது. அதை எப்படித் தலைமை ஆசிரியரிடம் சொல்வது என்று நான் கூசிக்கொண்டிருந்தபோது, அத்தை நேராகப் போய் அவரைப் பார்த்துவிட்டார். "பாடம் நடத்தறதுக்கு வாயிதானுங்களே வேணும், அது நல்லாத்தான் இருக்குது. கக்கூசை நான் பாத்துக்கறேன். சிமெண்டும் பைப்பும் மட்டும் குடுங்க" என்றாராம். விடுமுறை நாட்களில் வேலை நடந்தது. பள்ளி திறந்த அன்று நான் வகுப்பில் இருந்தேன். கரும்பலகையைக்கூட ஒன்றரை அடி கீழே இறக்கி வைத்திருந்தார்.

பிறகு ஊர்ஊராகக் கூப்பிட்டார்கள். மூட்டு வலிக்காரர்கள், பக்கவாதம் வந்தவர்கள், பிள்ளை பெற்று வந்த பெண்கள். யார் வீட்டிலும் அவர் எதையும் இடித்துத் தரைமட்டமாக்கச் சொன்னதில்லை. இருப்பதை வைத்தே செய்தார். சித்தாள் கூலி வாங்க மறுத்தார். "கரணை புடிச்சவங்களுக்கு என்ன கூலியோ அதக் குடுங்க" என்பார். கொடுத்தார்கள். முதலில் எங்கள் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போன அந்த மேஸ்திரி, ஒருநாள் தன் தாயாருக்குக் கைப்பிடி வைக்க அத்தையைத் தேடி வந்தார். அத்தை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "அம்மாவோட கை எவ்ளோ எட்டும்னு அளந்துட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அத்தை இறந்த அன்று கம்பைநல்லூர் வீட்டு வாசலில் கூடியிருந்தவர்களை நான் பார்த்தேன். ஊன்றுகோலோடு வந்தவர்கள், மகன்களின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். அத்தையின் உடலைக் குளிப்பாட்ட வந்த பெண்கள் பலரின் வீட்டுக் குளியலறையும் அவர் கையால் சரியானது.

அத்தை பாதியில் விட்டுப் போன வேலை ஒன்று இருந்தது. நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு சிற்றூரில், பக்கவாதத்தில் ஒரு கை ஒரு கால் விழுந்த பெரியவர் ஒருவரின் வீடு. கைப்பிடி வைத்து முடித்திருந்தார், தரை பாதிதான் பதிந்திருந்தது. காரியம் முடிந்த மறுநாள் சத்யாவும் நானும் போனோம். அவள் உட்கார்ந்து டைல்ஸ் பதித்தாள். நான் நாற்காலியில் இருந்தபடி ஒயிட் சிமெண்டு குழைத்துக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் கோணல். பிடுங்கிவிட்டு மறுபடி பதித்தாள். எல்லாம் காய்ந்த பிறகு ஒரு பக்கெட் தண்ணீரை மூலையில் கொட்டினோம். தண்ணீர் எங்கும் தேங்காமல் நேராக ஓடிச் சாக்கடைத் துளையில் இறங்கியது.

அத்தை, நேற்று அந்தப் பெரியவர் தன் நல்ல கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் உள்ளே போனார். நாங்கள் வாசலில் காத்திருந்தோம். ஈரத் தலையோடு, வேட்டியைத் தானே சுற்றிக்கொண்டு வெளியே வந்தவர், எங்களைப் பார்த்து, "நான் குளிச்சிட்டனுங்க" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

போய் வாருங்கள் அத்தை.