தாய் பக்கத்தில் யாருக்காவது?

என் மூத்த மகனின் சுன்னத்துக்காக எங்கள் ஆட்கள் விசாரிக்காத விஷயமில்லை. ஆடு எங்கே வாங்குவது, சமையலுக்கு யாரைப் பிடிப்பது, ஹட்டனிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை எங்கே படுக்க வைப்பது என்று எல்லாவற்றையும் விசாரித்தார்கள். பிள்ளையைப் பெற்றவளிடம் கேட்பதற்கு மட்டும் அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

பொகவந்தலாவை பஜாரில் என் கணவருக்குப் புடவைக் கடை. அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது சுன்னத்து செய்ய ஒஸ்தா மாமா வீட்டுக்கு வந்ததும், மனுசன் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாராம். இழுத்து வந்து உட்கார வைத்த கதையை அவருடைய வாப்பா கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிச் சிரிப்பார். அந்த வெட்கம் தன் மகனுக்கு வேண்டாம், கொழும்பில் இப்போது செய்கிற மாதிரி ஏழாம் நாளே டொக்டரைக் கொண்டு முடித்துவிடுவோம் என்று தீர்மானித்தார். அன்றைக்கே முடி இறக்கி, பெயரும் வைத்துவிட்டால் ஒரே சாப்பாட்டில் எல்லாம் ஆகிவிடும். வியாபாரி வியாபாரிதான்.

பிறந்த பிள்ளைக்கு வலி தெரியாது என்று ஆண்கள் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். எந்தப் பிள்ளை வந்து அவர்களிடம் சொன்னதோ தெரியவில்லை.

எனக்கு இருந்த பயம் வேறு. எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். ஆறு வயதில் அவனுக்குச் சுன்னத்து நடந்தது. இரத்தம் நிற்கவில்லை. சாம்பல் வைத்தார்கள், துணி மாற்றினார்கள், ஓதி ஊதினார்கள். மறுநாள் அவன் இல்லை. வெளியில் காய்ச்சல் என்றும் வீட்டுக்குள் கண்ணூறு என்றும் சொல்லிக்கொண்டார்கள். உம்மாவின் தம்பிக்குப் பல் பிடுங்கியபோதும் நாள்கணக்கில் வாயில் பஞ்சுதான். அதற்கும் ஒரு கண்ணூறு கிடைத்தது.

நான் கல்யாணமாகிப் புறப்பட்டபோது உம்மா என் காதில் சொன்ன புத்தி இதுதான்: "அண்ணன் கதய அங்க எடுத்துறாத. உனக்குப் பின்னாடி தங்கச்சி இருக்கா. ரத்தம் கெட்ட குடும்பம்னு பேரு வந்தா அவள யாரு கட்டுவாங்க?"

ஏழாம் நாள் டொக்டர் வந்தார். முன்னறையில் ஆண்கள். திரைக்கு இந்தப் பக்கம் பிள்ளையோடு நான், பக்கத்தில் உம்மா. டொக்டர் பையைத் திறக்குமுன், பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறானா, கண் மஞ்சளாக இருக்கிறதா என்று கேட்டார். பிறகு கேட்டார்:

"தாய் பக்கத்துல யாருக்காச்சும் ரத்தம் நிக்காம ஓடியிருக்கா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டொக்டர். நல்ல குடும்பம்," என்றார் என் கணவர்.

உம்மாவின் கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. மகன் பால் குடித்த வாயோடு தூங்கிக்கொண்டிருந்தான். பயத்தைவிட எனக்குக் கோபம்தான் அதிகம் வந்தது. பிணத்தை எடுத்த வீட்டில் இத்தனை வருடம் கண்ணூறு பேசிக்கொண்டிருந்தோமே என்ற கோபம்.

"இருக்குங்க டொக்டர்," என்றேன். "என் அண்ணன் அதுலதான் மௌத்தாப் போனான்."

டொக்டர் பையை மூடினார். இந்த நோய் தாய் வழியாக வரும், ஆண் பிள்ளையில்தான் பெரும்பாலும் வெளியே தெரியும், கொழும்பில் இரத்தத்தைச் சோதிக்காமல் யாரும் கத்தி வைக்கக் கூடாது என்றார். உயிருக்கு ஆபத்தென்றால் கட்டாயமில்லை என்று, பெயர் ஓத வந்திருந்த பள்ளிவாசல் லெப்பையும் சொன்னார். என் கணவர் வெளியே போய், பிள்ளைக்கு எடை பத்தாதாம் என்று விருந்தாளிகளிடம் அறிவித்தார். அவர்களும் மிகுந்த கவலையோடு சட்டி காலியாகும்வரை சாப்பிட்டார்கள்.

உம்மா சாப்பிடவில்லை. அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். மலைநாட்டில் எடை பத்தாத கதை எத்தனை நாள் நிற்கும்? தங்கைக்குப் பேசியிருந்த இடம் தவறிப்போனது. உம்மா என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

மகன் தவழத் தொடங்கியதும் முழங்கால்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கின. கொழும்பில் இரத்தத்தைச் சோதித்து அதே நோய்தான் என்றார்கள். அன்று என் கணவர் கடையிலிருந்த கம்பளிகளை எல்லாம் கொண்டுவந்து வீட்டுத் தரை முழுவதும் விரித்தார். அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்தக் கம்பளிகளோடு போயிற்று.

பின்னால் தங்கைக்கும் றொசல்லயில் ஒரு நல்ல இடம் அமைந்தது. அவளுக்கும் ஆண் பிள்ளை பிறந்தது. ஏழாம் நாள் அங்கேயும் ஒரு டொக்டரை வரவழைத்திருந்தார்கள். அவர் பையைத் திறப்பதற்கு முன்பே, யாரும் எதையும் கேட்பதற்கு முன்பே, உம்மா திரையை விலக்கிக்கொண்டு ஆண்கள் நடுவில் போய் நின்றாராம். நின்று, என் அண்ணனின் பெயரைச் சொன்னாராம். அவன் போனதிலிருந்து உம்மாவின் வாயால் அந்தப் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை.